டமியா 1/24 ஆல்ஃபா ரோமியோ 155 வி6 டிஐ: பழுப்பேறிய டெக்காலும் சிவப்பு பாடியும்

வி6ரசிகன்:
1993இல் நிக்கோலா லாரினி டிடிஎம் (ஜெர்மன் டூரிங் கார் பந்தயத் தொடர்) பட்டம் வென்ற ஆல்ஃபா 155, டமியாவின் பழைய பிளாஸ்டிக் மாடல் கிட். பிளாஸ்டிக் பாகங்கள் நன்றாக இருக்கின்றன, டெக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படங்கள்) மட்டும் பழுப்பேறிவிட்டது. பாடிக்கு டமியாவின் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட் ஸ்ப்ரே அடிக்கப் போகிறேன். தாளைக் காப்பாற்ற முடியுமா? சிவப்பின் மேல் வெள்ளை எழுத்து ரோஸாகத் தெரியும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

டெக்கால்தாசன்:
பழுப்பேறுவது பெரும்பாலும் மேலே உள்ள வார்னிஷ் படலம்தான், மை அல்ல. தாளை ஜிப் கவரில் போட்டு, அச்சுப் பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நன்றாக வெளுக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஈரம் பட்டால் பசை இளகிவிடும், கவரைச் சரியாக மூடுங்கள்.

வெளுத்ததும் நேராக வண்டியில் ஒட்டாதீர்கள். தேவைப்படாத ஒரு சின்ன டெக்காலை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால், தாள் முழுக்க மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம் ஒரு கோட் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். அப்புறம் எல்லாமே ஒரே படலம் என்பதால் ஒவ்வொன்றையும் அச்சின் ஓரத்தை ஒட்டி வெட்டியே ஆகவேண்டும்.

மிஸ்ட்கோட்:
ரோஸாவதற்குக் காரணம் இரண்டு. வெள்ளை மை மெல்லியது, அடியில் உள்ள சிவப்பு தெரியும். கூடவே, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கும்போது அதிலுள்ள தின்னர் சிவப்பைக் கரைத்து மேலே இழுத்துவரும்.

முதலாவதற்கு, வெற்று வெள்ளை டெக்கால் தாளில் அதே வடிவத்தை ஓரம் அரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டி அடியில் ஒட்டுங்கள். அது காய்ந்தபின் அசல் டெக்கால். பெரிய வெள்ளைப் பகுதி என்றால் வெள்ளையை முதலில் அடித்து, மாஸ்கிங் டேப் போட்டு, பிறகு சிவப்பு அடிப்பதுதான் சரி.

இரண்டாவதற்கு அவசரமே ஆகாது. சிவப்பை ஒரு வாரம் காயவிடுங்கள். டிஎஸ்-13 கிளியரை 25 செ.மீ. தள்ளி நின்று, 15 நிமிட இடைவெளியில், முதல் மூன்று கோட்டும் வெறும் தூவலாக அடியுங்கள். பளபளப்பு வரவில்லையே என்று முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கும். பிரைமர் (அடிப்பூச்சு) வெள்ளையோ ரோஸோ இருக்கட்டும், சாம்பல் நிறம் இந்தச் சிவப்பை மங்கடித்துவிடும்.

பேனல்லைன்:
பிரைமருக்கு முன்பே கதவு, பானெட் கோடுகளை ஸ்கிரைபரால் (கோடு கீறும் கருவி) ஒருமுறை ஆழப்படுத்துங்கள். பிரைமர், சிவப்பு, கிளியர் மூன்றும் சேர்ந்தால் கோடு தூர்ந்துபோகும். கோட்டின் மேல் வரும் டெக்காலைக் காய்ந்தபின் புது பிளேடால் கீறி, மார்க் சாஃப்டர் (டெக்காலை இளக்கும் திரவம்) ஒரு சொட்டு வையுங்கள், உள்ளே படிந்துவிடும். ரோல் கேஜை (உள்ளே வரும் பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) ஒட்டும் முன் பாடியை மூடிப் பாருங்கள். கூரை இடித்தால் பெயின்ட் அடித்தபின் சரிசெய்வது கஷ்டம்.

வி6ரசிகன்:
டிஎஸ்-13க்குப் பதில் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடிக்கலாமா?

மிஸ்ட்கோட்:
கண்ணாடி மாதிரி வரும், உண்மைதான். ஆனால் ஹார்டனரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கிறது, சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் காற்றை வெளியே இழுக்கும் ஃபேனும் இல்லாமல் தொடவே கூடாது. இந்த அளவு வண்டிக்கு டிஎஸ்-13 போதும். இரண்டு வாரம் கழித்து 3000 கிரிட் தண்ணீர்த் தாள், பிறகு பாலிஷ் காம்பவுண்ட். வீல் ஆர்ச், பானெட் முனைகளில் மட்டும் தாளை வைக்காதீர்கள், அங்கேதான் சிவப்பு தேய்ந்து பிரைமர் எட்டிப்பார்க்கும்.