ஸ்விங்: வீட்டில் விழும் கிளிக் கடையில் விழுவதில்லை

பாத்திரக்கடை_பையன்:
அப்பாவின் பாத்திரக் கடைக்கு ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் ஜன்னல், பட்டன் எல்லாம் வைக்க உதவும் தொகுப்பு) பில் போடும் புரோகிராம் ஒன்று எழுதியிருக்கிறேன். குக்கர், தோசைக்கல், தூக்குவாளி என்று ஒவ்வொரு சாமானுக்கும் படத்தோடு ஒரு கட்டம். கட்டம் என்பது வெறும் ஜேபேனல், அதாவது ஸ்விங்கின் காலிப் பலகை. அதற்கு மவுஸ் அமுக்கலைக் கவனிக்கும் மவுஸ்லிஸனர் போட்டு, பில்லில் சேர்க்கும் வரியை, கிளிக் ஆனதும் ஓடும் மவுஸ்கிளிக்டு உள்ளே எழுதினேன். வீட்டில் நான் எத்தனை தடவை அமுக்கினாலும் விழுகிறது. கடையில் அப்பா அமுக்கினால் நாலில் ஒன்று விழுவதில்லை. 'டிக்' சத்தம் கேட்கிறது, கட்டம் கம்மென்று இருக்கிறது. புது மவுஸ் வாங்கியதில் 350 ரூபாய் போனதுதான் மிச்சம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. "பழைய பில் புக்கே தேவலை" என்கிறார் அப்பா.

நூல்கண்டு:
கிளிக் வந்ததும் டேட்டாபேஸில் எழுதுகிறீர்களா? கிளிக்கையும் திரை வரைவதையும் கவனிக்கும் ஈவென்ட் திரெட்டிலேயே அந்த வேலையைச் செய்தால் திரை உறைந்து நிற்கும்.

பாத்திரக்கடை_பையன்:
இல்லை, பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது மட்டும்தான்.

பழைய_ஜாவா:
மவுஸ்பிரஸ்ட் (அமுக்கும்போது ஓடுவது), மவுஸ்ரிலீஸ்ட் (விடும்போது ஓடுவது), மவுஸ்கிளிக்டு மூன்றிலும் ஆளுக்கொரு பிரிண்ட் வரி போடுங்கள். அப்புறம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள்.

பாத்திரக்கடை_பையன்:
பார்த்தேன். விழாதபோது முதல் இரண்டும் வருகின்றன, மவுஸ்கிளிக்டு மட்டும் இல்லை. அமுக்கிய விரலை எடுப்பதற்குள் அப்பாவின் கை அடுத்த கட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறது! முப்பது வருஷ வியாபார வேகம்.

பழைய_ஜாவா:
அதேதான். அமுக்குவதற்கும் விடுவதற்கும் நடுவில் மவுஸ் சில பிக்சல் நகர்ந்துவிட்டால் ஜாவா அதை இழுப்பு என்று எடுத்துக்கொள்ளும், கிளிக் என்று சொல்லாது. நானும் இதில் ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறேன். வரியை மவுஸ்ரிலீஸ்டுக்கு மாற்றலாம். ஆனால் அமுக்கிய கட்டத்துக்கேதான் ரிலீஸ் வரும், விரலை எடுத்த இடம் வெளியே இருந்தாலும் சரி. அதனால் அந்தப் புள்ளி கட்டத்துக்குள் இருக்கிறதா என்று கன்டெயின்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜேபேனலையே தூக்கிவிடுங்கள். ஸ்விங்கின் பட்டனான ஜேபட்டனில் படத்தை ஐகானாக வைத்து, பட்டனை அமுக்கியதும் ஓடும் ஆக்ஷன்லிஸனர் போடுங்கள். பட்டனுக்குள் கை எவ்வளவு நகர்ந்தாலும் வேலை செய்யும், வெளியே கொண்டுபோய் விட்டால் ரத்தாகும், ஸ்பேஸ் பாரால் அமுக்கும் வசதியும் இலவசமாகக் கிடைக்கும்.

ரைட் கிளிக் மெனு வைப்பதாக இருந்தால் இன்னொன்று: மெனு திறக்க வேண்டிய நேரமா என்று சொல்லும் இஸ்பாப்அப்ட்ரிக்கரை பிரஸ்ட், ரிலீஸ்ட் இரண்டிலும் பாருங்கள். விண்டோஸில் அது விடும்போது வரும், லினக்ஸில் அமுக்கும்போதே வரும்.

பாத்திரக்கடை_பையன்:
எல்லாவற்றையும் ஜேபட்டனாக்கிவிட்டேன். சனிக்கிழமை முழுக்க ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போது புதுப் புகார்: "ரெண்டு தடவை அமுக்கினால் ரெண்டு குக்கர் ஏறுது." அது அப்படித்தான் அப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.