அழற்சிச் சோகையா, முடங்கிரும்புச் சோகையா?

போர் லூயி மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, நம் மொரீஷியஸில் குளிர்காலக் காய்ச்சலுக்காக வார்டில் வைக்கும் கையேட்டின் தமிழ்ப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்ஃபுளுவென்சா, கோவிட் நோயாளிகளிடம் உடம்பில் இரும்பு இருந்தும் ரத்தத்துக்கு எட்டாத ஒரு சோகை உண்டு. பிரெஞ்சுக்காரர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். நமக்கு என்ன சொல்?

மோக்கா ஆசிரியர்:
சித்த மருத்துவத்தில் பாண்டு, வெளுப்பு நோய் இரண்டும் உண்டு. பாண்டு வடசொல், வேண்டாம். சோகை நம் சொல்லே. கரும்புச் சோகை, அதாவது அதன் இலை, காய்ந்து வெளிறுவதைப் பார்த்துத்தான் நோய்க்கும் அந்தப் பெயர் வந்திருக்கும். கரும்புத் தீவில் இதைவிடப் பொருத்தம் வேறெது?

காத்ர் போர்ன் அன்பர்:
ஐயா, ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. அந்த வழியில் போனால் சோகமும் சோகைக்குத் தங்கைதான். இரும்பு முடங்குவதால் 'முடங்கு சோகை' என்போம்.

மோக்கா ஆசிரியர்:
வினைத்தொகையில் முடங்குவது சோகையாகிவிடும். இரும்பல்லவா முடங்குகிறது? 'முடங்கிரும்புச் சோகை' என்றால் இலக்கணம் நிற்கும்.

ரோஸ் ஹில் மருத்துவர்:
நடப்பது இது. தொற்றை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியில் இன்டர்லூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கூடும். அதனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது செல்லிலிருந்து இரும்பை வெளியே விடும் ஃபெரோபோர்ட்டின் என்ற வாயிலை அழிக்கும். இரும்பு குடல் செல்லிலும் பழைய சிவப்பணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லிலும் அடைபடும். மாத்திரை போட்டாலும் ஏறாது. தொற்று உச்சத்தில் இருக்கையில் சிரை வழி ஊசியாக ஏற்றும் இரும்பும் பொதுவாகத் தள்ளிவைக்கப்படும். பாக்டீரியாவுக்கும் இரும்பு தீனிதான்.

ஆனால் சேர்க்கும் நாளிலேயே ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராம் என்றால் அதைக் காய்ச்சல் தலையில் கட்டாதீர்கள். ரத்த இரும்பு ஒரே நாளில் இறங்கும். சிவப்பணுவோ ஏறத்தாழ 120 நாள் வாழும். ரத்தக்கசிவோ அணுச்சிதைவோ இல்லாவிட்டால் அந்த 9 பழைய கணக்கு: சிறுநீரகக் கோளாறு, இரும்புக் குறை, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். சோகையுள்ளவர்களுக்குத் தீவிர சிகிச்சையும் இறப்பும் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டின. அவர்களில் முதியவரும் சிறுநீரக நோயாளரும் அதிகம். அதைக் கழித்தால் தொடர்பு மெலிகிறது. எனவே 'சோகையால் இறப்பு' என்று எழுத வேண்டாம்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் செறிவு பார்க்கும் ஆக்சிமீட்டரையும் அவசியம் சேருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜன் சுமக்கும். 97 விழுக்காடு செறிவில் 14 கிராம் உள்ளவருக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 18 மி.லி.; 7 கிராம் உள்ளவருக்கு 9. கருவி இருவருக்கும் 97 என்றே காட்டும். வீட்டார் அதை நம்பி ஏமாறுவார்கள்.

காத்ர் போர்ன் அன்பர்:
அப்படியானால் உடனே ரத்தம் ஏற்ற வேண்டியதுதானே?

ரோஸ் ஹில் மருத்துவர்:
நிலையாக உள்ளவருக்கு 7-க்குக் கீழே இறங்கினால். இதய நோய் இருந்தால் 8. தேவையின்றி ஏற்றினால் நீர் கோத்து, ஏற்கெனவே திணறும் நுரையீரல் மேலும் திணறும்.

காத்ர் போர்ன் அன்பர்:
சரி, சொல்லுக்கு வருவோம். முடங்கிரும்பை எந்தப் பாட்டி படிப்பார்? 'அழற்சிச் சோகை' போதும்.

மோக்கா ஆசிரியர்:
'சிச்சோ' என்று தும்மல் கேட்கிறதே! 1998-இல் ரூபாய் நோட்டில் தமிழின் வரிசை மாறியதற்கு இந்தத் தீவின் தமிழரே எழுந்தனர். சொல்லில் மட்டும் ஏன் இந்தச் சமரசம்?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, நோட்டு வேறு, நோட்டீஸ் வேறு. மூவர் 'அழற்சிச் சோகை' என்கிறார்கள், அதுவே தலைப்பு. அடியில் 'இரும்பு இருந்தும் எட்டாத நிலை' என்று ஒரு வரி.

மோக்கா ஆசிரியர்:
அச்சிடுங்கள். வகுப்பில் நான் முடங்கிரும்பு என்றே சொல்லித்தருவேன்.

ரோஸ் ஹில் மருத்துவர்:
இன்னொன்று: உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினில் இரும்புக் குறைக்கான எல்லை நலமான பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம், தொற்று இருந்தால் 70. கையேட்டின் பட்டியலில் 15 மட்டும் இருக்கிறது. அதைத் திருத்தாமல் அனுப்பாதீர்கள்.