உருவம் வரையாமல் வண்ணத்திலிருந்து தொடங்கும் ஓவியம்: நான்காம் பூச்சில் சேறாகிவிடுவது ஏன்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கரிசல் நிலத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்; மூன்று ஆண்டுகளாக அக்ரிலிக்கில் அரூப ஓவியம் பழகி வருகிறேன். பென்சிலால் எதையும் குறித்துக்கொள்ளாமல், அன்று கண்ணில் நின்ற ஒரு வண்ணத்தைக் கேன்வாஸில் பூசிவிட்டு, அதனருகில் எது பொருந்துமென்று கைக்குத் தோன்றுகிறதோ அதை வைத்துக்கொண்டே போகிறேன். சென்ற ஆடியில் மழை விட்ட ஒரு மாலையில், நனைந்த உழவுசாலின் மேல் வெயில் சாய்ந்தபோது, அந்தக் கருப்புக்குள் ஊதா இருப்பதைக் கண்டேன். அதைப் பிடிக்க முயன்ற படம் இரண்டாம் பூச்சுவரை உயிரோடு இருந்தது. நான்காம் பூச்சில் சேற்றுப் பழுப்பாகிவிட்டது. எங்கே தவறுகிறேன்? ஒரு பனைமரம்கூட இல்லாத படத்தை எங்கள் ஊர் என்று சொல்வது முறைதானா?

பதில் 1 (பொள்ளாச்சியிலிருந்து)

சகோதரி, உங்கள் உள்ளுணர்வில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிழை ஈரத்தில் இருக்கிறது. ஊதாவும் மஞ்சளும் எதிர் வண்ணங்கள். அருகருகே இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், ஈரமாகக் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கனமாகப் பூசிய அக்ரிலிக் மேலே ஆடை கட்டிவிட்டு உள்ளே ஈரமாகவே இருக்கும். காய்ந்துவிட்டதென்று நம்பி மேலே தூரிகையை இழுத்தால் அடிவண்ணம் பெயர்ந்து கலங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. அக்ரிலிக்கின் பசை ஈரத்தில் பால்போல் வெளிறி, காய்ந்தபின் தெளிந்துவிடுவதால், வண்ணம் நீங்கள் பூசியதைவிட ஒரு படி கருத்துப்போகும். அதைச் சரிசெய்ய வெள்ளையைச் சேர்ப்பதுதான் பலருடைய நான்காம் பூச்சு. உங்களுடையதும் அதுவாக இருக்கலாம்.

டியூபில் வரும் கருப்பை விட்டுவிட்டு, அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்து பாருங்கள். நீலத்தைச் சற்றுக் கூட்டினால் கரிசலின் ஆழம் கிடைக்கும். அது முழுதும் காய்ந்தபின் மிக மெல்லிய ஊதாவை நீர்த்தாற்போல் மேலே ஓட்டி, ஓரத்தில் விரலகலம் மஞ்சள் காவி வையுங்கள். ஊதா தானாக எழுந்து நிற்கும்.

பதில் 2 (பாலக்காட்டிலிருந்து)

முறைதானா என்ற உங்கள் ஐயத்திற்கு என் பதில், முழுக்க முறைதான் என்பதே. 1945இல் நம் மாவட்டத்தில் பாரதப்புழைக் கரையிலுள்ள கூடல்லூரில் பிறந்த அச்சுதன் கூடல்லூரை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே ஓவியத்திற்கு வந்தவர், முதலில் உருவங்களை வரைந்து, பிறகு உருவத்தை விட்டு வண்ணத்தை மட்டும் நம்பி, 2022இல் மறையும்வரை அவ்வழியிலேயே நின்றார். அவருடைய சிவப்புகளின் முன் நிற்கும்போது ஆற்றையோ மரத்தையோ தேட எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் வெயிலும் ஈரமும் அறிந்த கண்ணிலிருந்துதான் அந்தச் சிவப்பு வந்திருக்க வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தூரிகையைப் பிடித்த பிறகு தோன்றுவது மட்டுமே உள்ளுணர்வு என்று கொள்ளாதீர்கள். அதற்கு முன் பல நாள் பார்த்தது கையில் இருந்தாக வேண்டும். ஒரே வயலைக் காலை, உச்சி, அந்தி என்று பார்த்து, படம் வரையாமல் சிறு நோட்டில் வண்ணத் திட்டுகளை மட்டும் வைத்துவாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள்களாகத் திட்டுகள் வைத்துவருகிறேன். உச்சி வெயிலில் அதே மண்ணில் ஊதா சிறிதும் இல்லை, சாம்பல்தான் இருக்கிறது. கருப்பு டியூபை ஒதுக்கிவிட்டு, ஐயா சொன்ன கலவையில் புதிய கேன்வாஸைத் தொடங்கி, ஒவ்வொரு பூச்சையும் ஓர் இரவு காயவிட்டேன். மூன்றாம் பூச்சுக்குப் பின் மஞ்சள் காவியை இடது ஓரத்தில் வைத்ததும் அந்த மாலை வந்துவிட்டது. நான்காம் பூச்சு போடவில்லை.