பையின் (π) தசமங்களுக்குள் எல்லாருடைய போன் நம்பரும் இருக்கிறதா?

வெள்ளவத்தைவாசி:
உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற தங்கை ரியூஷனில் கேட்டதைச் சொன்னாள். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் பை விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாதது. அதன் தசமங்கள் முடிவதும் இல்லை, மீள்வதும் இல்லை. ஆகவே எந்த இலக்கத் தொடரும் அதற்குள் எங்கோ வந்தே தீரும், எங்கள் போன் நம்பர் உட்பட. எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அந்த "ஆகவே"யில்தான் சறுக்கல், தம்பி. 0.101001000100001... என்று ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சியத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். முடியாது, மீளாது, விகிதமுறா எண்தான். இதில் 07 எங்கே?

வெள்ளவத்தைவாசி:
அது நீங்கள் வேண்டுமென்று கட்டிய எண், அண்ணா. பையை யாரும் கட்டவில்லை. அதன் முதல் பத்து இலட்சம் தசமங்களில் குறைவாக வருவது 6, 99,548 தடவை. கூடுதலாக வருவது 5, 100,359 தடவை. மற்ற எட்டும் இவற்றுக்கு நடுவில். இதைவிடச் சமமாக யார் பங்கு வைக்கப் போகிறார்கள்?

மருதானைப் பயணி:
கட்டிய எண் வேண்டாமென்றால் பையையே எடுப்போமே. அதில் வரும் 7 எல்லாவற்றையும் 8 ஆக்கிவிடுங்கள். 7 இல்லாத விகிதமுறா எண் கைக்கு வந்துவிடும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
வருமா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது! ஒரு கட்டத்துக்குப் பிறகு பையில் 7உம் 8உம் மட்டுமே ஒழுங்கில்லாமல் கலந்து வருகின்றன என்று வையுங்கள். மாற்றியதும் 88888... என்று ஓடி, விகிதமுறும் எண்ணாகிவிடும். அப்படி நடக்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் நடக்காது என்பதற்கு நிறுவல் இல்லை. பை விகிதமுறாதது என்று கணிதவியலாளர் லம்பேர்ட் 1761இலேயே நிறுவிவிட்டார். அதிலிருந்து இலக்கங்களைப் பற்றி நேரடியாகக் கிடைப்பது, குறைந்தது இரண்டு இலக்கங்கள் முடிவில்லாமல் வரும் என்பது மட்டும். எந்த இரண்டு என்று கேட்காதீர்கள். 2இன் வர்க்கமூலத்திலும் இதே கதைதான்.

வெள்ளவத்தைவாசி:
கணிதவியலாளர் பொரெல் 1909இல் காட்டியதை விட்டுவிட்டீர்கள். கிட்டத்தட்ட எல்லா மெய்யெண்களிலும் எல்லா இலக்கத் தொடர்களும் உரிய அளவில் வரும். பை மட்டும் விதிவிலக்கு என்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டியது நீங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
"கிட்டத்தட்ட எல்லா" என்பதற்கு வெளியேயும் முடிவில்லாத கூட்டம் நிற்கிறது. விகிதமுறும் எண்கள் முழுவதும் அங்கேதான். பை எந்தப் பக்கம் என்று பொரெல் சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்த ஓர் எண் வேண்டுமா? 0.123456789101112... இதில் எல்லாத் தொடர்களும் உரிய அளவில் வரும் என்று கணிதவியலாளர் சாம்பர்னோன் 1933இல் நிறுவினார். 07இல் தொடங்கும் உங்கள் நம்பருக்கு முன்னால் ஒரு 1 போடுங்கள். அந்த எண்ணின் முறை வரும்போது உள்ளே உங்கள் நம்பரும் வந்துவிடும். ஆனால் பாருங்கள், இதுவும் கட்டிய எண்தான்.

வெள்ளவத்தைவாசி:
சரி, நிறுவலை விடுவோம். போன் நம்பர் என்றால் பத்தே இலக்கம். 2022இல் 100 இலட்சம் கோடி தசமங்கள் வரை கணித்துவிட்டார்கள். இலக்கங்கள் இதுவரை போலவே சமமாகக் கலந்திருந்தால் எந்த நம்பரும் அதற்குள் சுமார் பத்தாயிரம் தடவை வர வேண்டும். 0123456789 என்ற தொடரே 1,738 கோடியைத் தாண்டியதும் அகப்பட்டுவிட்டது. தேடினால் போதும், தேற்றம் எதற்கு?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அப்படியென்றால் "தேடினேன், இருந்தது" என்று சொல்லுங்கள், மறுக்க மாட்டேன். "மீளாது, ஆகவே இருக்கும்" என்பதைத்தான் மறுக்கிறேன். அந்த வரியைத் தங்கை விடைத்தாளில் எழுதினால் புள்ளி கொடுக்க மாட்டேன்.

மருதானைப் பயணி:
வங்கி அட்டையில் இருக்கும் 16 இலக்கம்?

வெள்ளவத்தைவாசி:
2022இல் கணித்த அந்த அளவுக்குள் அகப்பட நூற்றுக்கு ஒரு வாய்ப்புத்தான். ஆனால் இருக்கும், அண்ணா. இன்னும் தூரம் போனால் இருக்கும்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
மறுபடியும் "இருக்கும்".