பாப்-அப் பஞ்சாயத்து: வந்தவுடன் மின்னஞ்சல் முகவரி கேட்பது சரியா?

மைப்புள்ளி:
மரக் கைவினைப் பொருள்கள் விற்கும் சிறிய தளம் வைத்திருக்கிறேன், கூடவே வலைப்பதிவும் உண்டு. தளத்தை அமைத்துத் தந்தவர் பக்கம் திறந்ததுமே முழுத்திரையையும் மறைக்கும் ஒரு பாப்-அப் போட்டிருக்கிறார்: "மின்னஞ்சல் கொடுங்கள், முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி பெறுங்கள்." முகவரிகள் முன்பைவிட வேகமாகச் சேர்கின்றன, உண்மைதான். ஆனால் கைபேசியில் அதை மூடவே முடியவில்லை என்று சில வாசகர்கள் திட்டி எழுதியிருக்கிறார்கள். வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா?

தறிநாடா:
தூக்கிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

தேடலில் இருந்து ஒருவர் உங்கள் கட்டுரைக்கு வருகிறார். இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உங்கள் பொருள் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது. அதற்குள் முகவரி கேட்டால் என்ன அர்த்தம்? கூகுளும் இதைக் கவனிக்கிறது. தேடலில் இருந்து கைபேசியில் வருபவருக்கு உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்கள் தரவரிசையில் இறங்கலாம் என்பது 2017 ஜனவரியில் இருந்தே நடைமுறை. குக்கீ அறிவிப்பு, வயதுச் சரிபார்ப்பு மாதிரி சட்டம் கேட்கிற பெட்டிகளுக்குத்தான் விலக்கு.

இன்னொன்று. 1990களில், பயனர்கள் வலைப்பக்கம் அமைக்க இடம் தந்த ட்ரைபாட் நிறுவனத்தில் இருந்தபோது முதன்முதலில் பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதியவர் ஈத்தன் ஸக்கர்மேன். 2014இல் கட்டுரை எழுதி அதற்காக மன்னிப்பே கேட்டார். பெற்றவரே கைகழுவிய பிள்ளையை நாம் ஏன் தத்தெடுக்க வேண்டும்?

வியாபாரமூளை:
தறிநாடா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் மன்னிப்புக் கேட்டது விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறந்ததற்கு. நாம் பேசுவது சந்தாப் படிவத்தைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மைப்புள்ளி மாதிரி சிறுவணிகருக்கு மின்னஞ்சல் பட்டியலைவிடப் பெரிய சொத்து கிடையாது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நண்பர்கள், குடும்பத்தார் இடும் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தது. அதுவரை அங்கே வைத்திருந்த வணிகப் பக்கத்தை மட்டுமே நம்பி இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பட்டியல் இருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சரி, பாப்-அப் இல்லாமல் பட்டியலை எப்படிச் சேர்ப்பீர்கள்? பக்கவாட்டுப் படிவத்தையா? கைபேசியில் அது கட்டுரைக்கும் கீழே, காலடியில் போய் விழும். அங்கே வரை யார் வருகிறார்?

கூகுள் விதியையும் முழுதாகச் சொல்லுங்கள். திரையில் கொஞ்சம் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எளிதில் மூடக்கூடிய பட்டைக்குத் தடையே இல்லை. கட்டுரையில் பாதி படித்த பிறகோ இரண்டாவது பக்கம் திறக்கும்போதோ கேளுங்கள். அதற்காக அடியோடு தூக்கிப் போட வேண்டியதில்லை.

தறிநாடா:
அப்படியென்றால் இப்போது இருக்கிற பெட்டியை நீங்களும் ஆதரிக்கவில்லை. நல்லது.

நான் கவலைப்படுவது அதில் சேரும் முகவரிகளைப் பற்றி. தள்ளுபடிக்காகக் கையில் கிடைத்ததைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. கூப்பனை வாங்கியதும் உங்களை மறந்துவிடுவார்கள். அடுத்த மாதம் உங்கள் மடல் போகும்போது "யார் இவர்?" என்று ஸ்பேம் பொத்தானை அமுக்குவார்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்பது ஜிமெயில் 2024 பிப்ரவரியில் இறுக்கிய விதி. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்றே மூன்று பேர் அமுக்கினால் போதும். அப்புறம் ஆசையாகச் சேர்ந்தவருக்குப் போகும் மடலும் ஸ்பேம் பெட்டியில்தான் கிடக்கும்.

இதோடு இந்த மாதிரிப் பெட்டிகளில் இருக்கும் மறுப்புப் பொத்தான் வேறு. "வேண்டாம், நான் முழு விலையே கொடுத்துக்கொள்கிறேன்." இப்படி எழுதுகிறவர்களை என்னவென்று சொல்வது!

கன்சோல்:
கொள்கைச் சண்டை நடக்கட்டும். மூட முடியவில்லை என்ற புகாருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

மைப்புள்ளி, உங்கள் கைபேசியிலேயே திறந்து பாருங்கள். மின்னஞ்சல் கட்டத்தைத் தொட்டதும் விசைப்பலகை மேலே வரும், பெட்டி தள்ளப்பட்டு, மூடும் குறி திரைக்கு வெளியே போய்விடும். பெட்டியின் உயரத்தை 100விஎச் (வடிவமைப்பு நிரலில் திரையின் முழு உயரம்) என்று வைத்திருந்தாலும் சிக்கல்தான். ஐபோனின் சஃபாரி உலாவியில் முகவரிப் பட்டை மறைக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் அந்த அளவு கணக்காகிறது, அதனால் ஓரம் வெட்டுப்படும். பட்டை போக அப்போது தெரியும் உயரத்தை மட்டும் கணக்கிடும் டிவிஎச் அலகுக்கு மாற்றுங்கள். விசைப்பலகைக்கு அது போதாது. பெட்டிக்குள் உருட்ட இடம் விட்டு, மூடும் குறியை மேலேயே ஒட்டி நிற்கச் செய்யுங்கள்.

குறியின் அளவையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை வழிகாட்டியின் (WCAG) 2.2 பதிப்பு தொடும் இடத்துக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. விரலுக்கு அதுவே சிறிசு. ஆப்பிள் தன் செயலிகளுக்குச் சொல்வது 44. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் பெருக்கல்குறி வைப்பது பழைய தந்திரம், அதையும் மாற்றுங்கள். எஸ்கேப் விசைக்கு மூட வேண்டும்.

மூடிய பெட்டி மறுபடி மறுபடி வருகிறதா? பெட்டியைக் காட்டும் பிளகினில் (தளத்தோடு சேர்க்கும் துணைநிரலில்) "30 நாளுக்கு ஒருமுறை" என்று வைத்திருப்பீர்கள். வாசகர் மூடியதை அது குக்கீ என்ற சிறு குறிப்பாக அவருடைய உலாவியில் எழுதி வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கீக்கு சஃபாரி 2019 முதல் 7 நாள்தான் ஆயுள் தருகிறது. அதனால் ஐபோன் வாசகருக்கு வாரம் தவறாமல் தரிசனம் கிடைக்கும். குக்கீயைச் சர்வரில் இருந்து அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:
நான் பெட்டி எழும்பினால் பின்னால் போகிற பொத்தானை அமுக்கிவிடுவேன். மூடும் குறியைத் தேடுவதில்லை. எத்தனை பேர் என்னைப் போல என்று உங்கள் டேஷ்போர்டில் தெரியுமா?

வியாபாரமூளை:
தெரியும். பாப்-அப்பைப் பாதிப் பேருக்குக் காட்டி, மீதிப் பேருக்கு மறைத்துவிட்டு ஒப்பிட்டால் தெரியும். பெரும்பாலான பிளகின்களில் அந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. சேர்ந்த முகவரியை மட்டும் எண்ணிவிட்டு "வேலை செய்கிறது" என்பவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை.

அதேபோல, மடல் திறந்த சதவீதத்தையும் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமை வசதியைக் கொண்டுவந்த பிறகு, அதை இயக்கியவர்களுக்கு மடலின் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன. திறக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகும். கிளிக், பதில், ஆர்டர், இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

தறிநாடா:
இதில் மட்டும் ஒத்துப்போகிறோம், தேதி குறித்துவைக்கிறேன்.

ஆனால் தூக்கிவிட்டு என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்கிறது. "சந்தாதாரர் ஆகுங்கள்" என்றால் யாருக்கும் தோன்றாது. மரப் பாத்திரத்துக்கு எண்ணெய் பூசுவது எப்படி என்று ஒரு கட்டுரை இருக்கிறது என்று வையுங்கள். அதன் அடியில் "எந்த மரத்துக்கு எந்த எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒருமுறை: அச்சிடத் தக்க ஒரு பக்க அட்டவணை அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். அதுவரை படித்தவர் அதை விரும்புவார். கொடுக்கும் முகவரியும் உண்மையானதாக இருக்கும், ஏனென்றால் அட்டவணை அங்கேதானே வர வேண்டும்.

வியாபாரமூளை:
தள்ளுபடிக் கூப்பனையும் மின்னஞ்சலுக்கே அனுப்பினால் அதே உண்மையான முகவரிதான் வரும். இதில் உங்கள் அட்டவணைக்கு என்ன தனிச் சிறப்பு? தவிர, கட்டுரைக்குக் கட்டுரை ஒரு அட்டவணை தயாரிக்க மைப்புள்ளிக்கு நேரம் எங்கே? பொருளைச் செய்வதும் அவர், படம் எடுப்பதும் அவர், பொதிவதும் அவர்.

தறிநாடா:
எல்லாக் கட்டுரைக்கும் எதற்கு? தேடலில் இருந்து வரும் வருகையைக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால் வருகையில் பெரும்பங்கு எந்தச் சில கட்டுரைகளுக்கு என்று தெரிந்துவிடும். அவற்றுக்கு மட்டும் செய்தால் போதும். கூப்பன் முகவரி உண்மையாகவே இருக்கட்டும், அவர் வந்தது விலைக்காக. அடுத்த தள்ளுபடி வரை வாயே திறக்க மாட்டார்.

கன்சோல்:
ஐரோப்பாவில் வாங்குபவர்கள் இருந்தால், "மடல் அனுப்பச் சம்மதம்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். அங்கே அது சம்மதமாகச் செல்லாது.

மைப்புள்ளி:
எல்லாருக்கும் நன்றி. முழுத்திரைப் பெட்டியை எடுத்துவிட்டேன். அடியில் சிறிய பட்டை ஒன்று, கட்டுரையில் பாதிக்கு மேல் உருட்டியவர்களுக்கு மட்டும். அதிகம் படிக்கப்படும் கட்டுரையில் தறிநாடா சொன்ன அட்டவணை. மறுப்புப் பொத்தானில் "வேண்டாம்" என்று மட்டும் இருக்கிறது.

வியாபாரமூளை:
பட்டையில் வந்தவர்களுக்கு ஒரு குறிச்சொல், அட்டவணையில் வந்தவர்களுக்கு இன்னொரு குறிச்சொல், இன்றே போட்டுவிடுங்கள். பிறகு பிரிக்க முடியாது. அடுத்த விற்பனை மடல் போன பிறகு, நூறு பேருக்கு எத்தனை ஆர்டர் என்று இரண்டு பக்கமும் கணக்கெடுத்து இங்கே போடுங்கள்.

தறிநாடா:
தள்ளுபடி கழித்த பிறகு மிஞ்சும் தொகையையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டி இவர் தப்பித்துவிடுவார்.