குடியை விட்டவருக்குத் துணையே மாத்திரை கொடுக்கலாமா?

தாமரை: கணவரின் குடியும் அதற்காக வாங்கிய ரகசியக் கடனும் சேர்ந்தே அம்பலமான வீடு. இப்போது அவர் டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) ஆரம்பித்திருக்கிறார். தினமும் மனைவியே கொடுக்கட்டும் என்கிறார்கள் பெரியவர்கள். சரியா?

கதிர்: அவர் கையில் விட்டால் குடிக்க மனசு வந்த அன்றைக்கு முதலில் நின்றுபோவது மாத்திரைதான். ஆனா மனைவி "கொடுக்க" வேண்டாம், பார்த்தால் போதும். தம்பதி சிகிச்சையில் இதற்கென்றே தினசரி ஒப்பந்தம் உண்டு. குறித்த நேரத்தில் அவராகவே எடுத்து வந்து, "இன்னைக்குக் குடிக்க மாட்டேன்" என்று சொல்லி எதிரிலேயே விழுங்குவார். மனைவி நன்றி சொல்லி காலண்டரில் டிக் அடிப்பார். பழைய சண்டையும் நாளைய பயமும் அப்போது பேச்சில் வரக் கூடாது, அதெல்லாம் ஆலோசகர் முன்னால்தான்.

நிலவன்: ஏமாந்தவளையே வார்டன் ஆக்குறீங்க. நாக்கடியில் ஒதுக்கி வெச்சு அப்புறம் துப்புவார், இவள் வாயைத் திறக்கச் சொல்லணும். விட்டுப்போன நாளில் "நீதான் ஞாபகப்படுத்தல" என்று பழியும் இவள் மேலேயே. கிளினிக் நர்ஸ் பார்க்கட்டும்.

கதிர்: துப்புவார்னு சந்தேகமா? நசுக்கித் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். விட்டுப்போன நாளில் கெஞ்சலும் கிடையாது, சண்டையும் கிடையாது. ஆலோசகருக்கு ஒரு போன், அவ்வளவுதான். அடி உதை இருக்கிற வீடு என்றால் நிலவன் சொல்வதே சரி, இந்த ஒப்பந்தமே கூடாது.

மருந்தாளுநர்: நடுவில் ஒன்று. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் முதல் மாத்திரை கூடாது. நிறுத்தினாலும் 14 நாள் வரை வேலை செய்யும். அதற்குள் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். இருமல் சிரப், மவுத்வாஷ் லேபிளில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாருங்கள். இதய நோய் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், ஆளே போய்விடலாம்.

நிலவன்: சரி, மாத்திரை குடியைப் பிடிக்கும். பொய்யை? கடன் பட்டியல் எழுத்தில், ஒரே தடவையில் வரணும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, யார் ஜாமீன், எது அடகில். கிரெடிட் ரிப்போர்ட்டை ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்து ஒத்துப் பார்க்கணும். இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு கசிந்தால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான்.

கதிர்: பட்டியல் வேணும். ஆனா குடியை நிறுத்திய முதல் வாரத்தில் கேட்காதீங்க. நடுக்கமும் தூக்கமின்மையும் இருக்கும், பாதிதான் ஞாபகம் வரும். விட்டுப்போன மீதி அப்புறம் புதுப் பொய் மாதிரி நிற்கும்.

நிலவன்: அதுவரை போனில் ஒரு லோன் ஆப் போதுமே, இன்னொரு கடனுக்கு! பட்டியல் தள்ளிப் போகட்டும். ஏடிஎம் கார்டும் சம்பளக் கணக்கும் முதல் நாளே கைமாறணும்.

தாமரை: கணக்கை யார் பார்ப்பது? அதுவும் மனைவியா?

நிலவன்: அதுக்கும் மூணாவது ஆள்தான். கதிர் ஒத்துக்க மாட்டார்.

கதிர்: மாட்டேன். அவள் வீட்டுப் பணம் அது.