புதுப்பிப்பு: விளக்கைத் தாழ்த்தினேன், கொத்தமல்லி நிமிர்ந்தது

அறைக்குள் எல்இடி விளக்கின் கீழ் வளர்த்த கொத்தமல்லியும் புதினாவும் நூலாக நீண்டு சாய்கின்றன என்று போன மாதம் எழுதியிருந்தேன். உரம் போதவில்லை என்று நினைத்தேன். என் கணிப்பு தவறு. குறை ஒளியில்தான் இருந்தது.

விளக்கு செடிகளிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தொங்கியது. நம் கண்ணுக்கு அது பளிச்சென்றே தெரிந்தது. செடிக்கோ அது அந்திப்பொழுது. ஒளியைத் தேடித்தான் தண்டு நீள்கிறது. விளக்கைச் செடிகளுக்கு மேல் 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினேன், டைமர் வைத்து நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டேன். நீண்டுபோன தண்டுகள் குட்டையாகவில்லை, ஆகவும் ஆகாது. புதினாவைக் கணுவுக்கு மேலே கிள்ளிவிட்டேன்; பத்தே நாளில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளைகள்! அந்த இலையின் வாசனை கையை விட்டுப் போகவே இல்லை.

கொத்தமல்லியை மறுபடி விதைத்தேன். இம்முறை நாற்றுகள் குட்டையாக, உறுதியாக நிற்கின்றன. ஆனால் நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்தால் கொத்தமல்லி சீக்கிரம் பூத்துவிடும். அதனால் அதற்கு மட்டும் 12 மணி நேரமாகக் குறைத்திருக்கிறேன்.

மண்ணில் மொய்த்த சிறு ஈக்கள் அதிக ஈரத்தால் வந்தவை. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன. அடுத்து வெந்தயக்கீரை விதைக்கப் போகிறேன்.